காய்ந்த ஊரில் காசு, தண்ணீர் ஊரில் கடன்: தட்பவெப்பமும் வளமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். பிழைப்பு திருப்பூரில், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குப் போனால் சித்தப்பா கேட்பார்: “இங்க ஆறு ஓடுது, வாய்க்கா ஓடுது. அங்க குடிக்கவே தண்ணி இல்லங்கிற. காசு மட்டும் எப்படிடா அங்க இருக்கு?” திருப்பூரில் வீட்டுக்காரர் கேட்பது இன்னொன்று: “அத்தனை தண்ணிய வெச்சுக்கிட்டு ஏனுங்க இங்க வேலைக்கு வர்றீங்க?” இரண்டும் ஒரே கேள்விதான். அதைச் சுற்றி உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாடு முழுக்க ஒரே வெயில்தானே? ஊருக்கு ஊர் அப்படி என்ன மாறிவிடும்?

நிறைய மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நனைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும் மேகம் பெரும்பகுதி மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் நாம் இருப்பது மழை மறைவுப் பகுதி. நமக்கான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த மூன்று மாதத்தில் பெய்து முடிந்துவிடும். அதுவும் கடற்கரையில் கனமாகப் பெய்து, மேற்கே போகப் போக மெலிந்துவிடும்.

நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 1,300 மி.மீ.க்கு மேல் மழை. கோவை நகரத்தில் 600 முதல் 700 மி.மீ. தூத்துக்குடியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அதே கோவை மாவட்டத்தின் மலைமேல், வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில், 3,000 மி.மீ.யைத் தாண்டுகிறது. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நான்கு ஐந்து மடங்கு வித்தியாசம்.

ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. லண்டனில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையும் 600 மி.மீ. அளவில்தான். அங்கே அது ஆண்டு முழுக்கத் தூறலாகப் பரவி விழுகிறது. வெயில் குறைவென்பதால் மண்ணிலேயே தங்குகிறது. நமக்கு அது சில வாரங்களில் கொட்டித் தீர்ந்து, மீதி மாதங்களில் ஆவியாகிப் போகிறது. அதனால் எத்தனை மி.மீ. என்ற எண்ணை மட்டும் வைத்து ஓர் ஊரின் நிலைமையைச் சொல்ல முடியாது.

மழை அதிகமுள்ள ஊர்தானே வசதியாக இருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பஞ்சம் தாக்கியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்றைய தமிழ்நாட்டுப் பகுதிகளில் சேலம், கோவை போன்ற வறண்ட மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. தஞ்சைப் பக்கம் காவிரி காப்பாற்றியது. அன்றைக்கு எங்கே பெண் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டிருந்தால் ஆற்றுப் பாசனம் உள்ள ஊரில் கொடு என்றுதான் பதில் வந்திருக்கும்.

2010-களின் மாவட்ட வாரியான தனிநபர் வருமானக் கணக்கைப் பாருங்கள். மேல் வரிசையில் கோவை இருக்கிறது, விருதுநகர் இருக்கிறது. கடைசி வரிசையில் அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் ஆகியவற்றோடு எங்கள் திருவாரூரும் இருக்கிறது. பெரம்பலூரும் மழை குறைந்த மாவட்டம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆக, காய்ந்தால் பணம் வரும் என்றும் கணக்குப் போட முடியாது.

அப்படியானால் கோவைக்கு எப்படி வந்தது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கிணறு. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் விவசாயம் செய்ய வேண்டுமென்றால் பாறையை உடைத்துக் கிணறு தோண்டியாக வேண்டும். மாடு பூட்டிக் கவலை (மாடுகள் இழுக்கும் தோல்பையில் நீர் இறைக்கும் முறை) இறைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கொங்குப் பகுதியில் கிணற்றுப் பாசன நிலத்துக்குத்தான் தோட்டம் என்று பெயர். அவ்வளவு பாடுபட்டு மேலே வந்த தண்ணீரை வயிற்றுக்கான தானியத்துக்கு மட்டும் விடக் கட்டாது. பணம் தரும் பயிர் வேண்டும். கருமண் இருந்தது, பருத்தி வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி என்ற நீள இழை ரகம் கிணற்றுத் தோட்டங்களில் நன்றாகப் பிடித்தது. பருத்தியோடு சந்தை, தரகு, கடன், கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலை எல்லாம் வந்தன. முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இலேயே தொடங்கிவிட்டார். ஆனால் அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஆலைகள் மெதுவாகத்தான் பெருகின.

பெருக்கியது பைக்காரா நீர்மின் திட்டம். நீலகிரியில் பெய்யும் பெருமழையை 3,000 அடிக்கு மேல் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். 1932-இல் அந்தக் கரண்ட் கோவைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. கிணற்றுக்கு மோட்டார் பம்ப் வந்தது. பம்ப் பழுதானால் பார்க்கப் பட்டறை வேண்டும், உதிரி பாகம் வார்க்க வார்ப்படச் சாலை வேண்டும். 1937-இல் ஜி.டி. நாயுடு போன்றவர்கள் கோவையிலேயே மின்மோட்டார் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் இந்தியாவில் எந்த மூலையில் கிணறு வெட்டினாலும் கோவை பம்ப் ஒன்று அங்கே போய்ச் சேரும்.

தன் தலைமேல் விழாத மழையைக் கரண்டாக மாற்றிக் கம்பி வழியே கொண்டுவந்து வளர்ந்த ஊர் கோவை. குடிநீரும் அப்படித்தான், சிறுவாணி மலையில் பெய்வது குழாய் வழியே வருகிறது. 1960-களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், மேற்கே போக இருந்த நீரைத் திருப்பிப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் விட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதை முழுவதற்கும் சாவி இதுதான். ஓர் ஊரில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதோடு, எங்கோ பெய்யும் மழை அந்த ஊருக்கு எந்த உருவத்தில் வந்து சேர்கிறது, வந்த பிறகு அது யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தகவலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரும்பு எல்லா ஊரிலும் பூத்து விதை பிடிக்காது. வட இந்தியாவில் அது கடினம். கோவையின் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூக்கும். அதனால்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை இங்கே அமைத்தார்கள். இங்கே உருவான கோ ரகங்கள் வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றின. பெரிய மழையோ பெரிய நதியோ இல்லாத ஊர், ஒரு பயிர் பூக்கும் பதத்துக்கு ஏற்ற காற்றை வைத்திருந்தது.

நூல் நூற்க ஈரக் காற்று வேண்டுமாமே? காய்ந்த ஊரில் மில் எப்படி ஓடுகிறது?

உண்மைதான். காற்று காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி ஆலைகள் பெருகியதற்கு அங்குள்ள ஈரக் காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கோவை மில்களில் உள்ளே செயற்கையாக ஈரம் தெளிக்கும் கருவிகள் உண்டு. கரண்ட் இருந்தால் ஈரத்தையும் உண்டாக்கிக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் ஊரைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது.

சிவகாசிக்கும் வெயில்தான் காரணமா?

பாதிக் காரணம். மருந்து கலப்பது, திரி முறுக்குவது, தீக்குச்சியை முக்கி எடுத்துக் காய வைப்பது எல்லாமே ஈரத்துக்குப் பகையான வேலைகள். மழை நாட்கள் குறைந்த ஊரில் ஆண்டில் அதிக நாட்கள் வேலை நடக்கும், வெட்டவெளியிலேயே உலர்த்திக்கொள்ளலாம். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே என்று அச்சகங்கள் வந்தன. காகிதம் நமுத்துப் போகாத, மை சீக்கிரம் காயும் காற்று அச்சுக்கும் தோதாக இருந்தது. காலண்டரும் டைரியும் சிவகாசியிலிருந்து வருவதற்கு ஆரம்பம் தீப்பெட்டி லேபிள்தான்.

ஆனால் வெயில் அடிக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் ஆயிரம் இருக்கின்றன. அவை எல்லாம் சிவகாசி ஆகிவிடவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் சமூகத்தில் வியாபாரச் சரக்கின் மீது மகமை என்று சிறு தொகை வசூலித்துப் பொதுநிதி சேர்க்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. பள்ளிக்கூடங்கள் அந்த நிதியில் எழுந்தன. ஒருவரை நம்பி ஒருவர் கடன் கொடுக்கும் பழக்கமும் இருந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றதும் உள்ளூர்ப் பட்டாசுக்குச் சந்தை திறந்தது.

சிவகாசி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். வருமானப் பட்டியலில் மேலே இருக்கும் அதே விருதுநகர், 2018-இல் மத்திய அரசு அறிவித்த பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் இராமநாதபுரத்தோடு சேர்த்து இடம்பெற்றது. மாவட்டத்தின் சராசரி வருமானம் ஒன்று. மருந்துக் கலவை அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாழ்க்கை வேறொன்று. கடும் வெயில் மாதங்களில் சூடும் உராய்வும் சேர்ந்து நடக்கும் வெடிவிபத்துகளை ஆண்டுதோறும் செய்தியில் படிக்கிறோம். இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது எனக்குப் பழகவில்லை, பழகவும் கூடாது.

தூத்துக்குடி உப்பு?

இது நேரடியான வெயில் தொழில். கடல் நீரையோ உவர்நிலத்தடி நீரையோ பாத்தியில் கட்டி வைக்க வேண்டியது, வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்க வேண்டியது, மிஞ்சுவதை வாரிக் குவிக்க வேண்டியது. தென்மேற்குப் பருவத்தில் நாடே நனையும்போது தூத்துக்குடி காய்ந்து கிடக்கிறது. அதனால் தை, மாசியில் தொடங்கும் பருவம் புரட்டாசி வரை நீள்கிறது. நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு தமிழ்நாட்டில்தான், அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில்.

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் வெயில் ஏறும் முன்பே, விடிகாலை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் வாரத் தொடங்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போனது. மழையின்மையை நம்பிக் கட்டிய தொழிலை ஒரு நாள் மழை என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தோம்.

நாமக்கல், திருச்செங்கோடு?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நீங்கள் எந்த மாநிலச் சாலையிலும் பார்க்கலாம். தண்ணீர் இல்லாத நிலத்தில் போர் போட்டுப் பழகியவர்கள் அந்தத் திறமையையே தொழிலாக்கி இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்கா வரைக்கும் கொண்டுபோனார்கள். மானாவாரி நம்பிக்கை தராதபோது லாரி வாங்கி ஓட்டினார்கள். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வந்தன. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் காய்ந்த காற்று தோது. வறட்சியால் நட்டப்பட்டவர்கள் வறட்சிக்கான மருந்தை ஊர் ஊராக விற்கப் போனார்கள் என்பதை நான் மரியாதையோடு சொல்கிறேன்.

அப்படியென்றால் வறட்சி நல்லது என்கிறீர்களா?

இல்லை. இராமநாதபுரத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். கோவை அளவுக்கோ கொஞ்சம் கூடவோ மழை அங்கே பெய்கிறது. கண்மாய்கள் ஏராளம். ஆனால் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். ஆழக் கிணறு வெட்டித் தோட்டம் வைக்கும் வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. ஜமீன் நிலவுடைமை நீண்ட காலம் இருந்தது. பைக்காரா போல ஒன்று பக்கத்தில் இல்லை. மிஞ்சியது முண்டு மிளகாய், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, அப்புறம் ஊரை விட்டுப் போவது. இன்றைக்குக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, 2016-இல் திறந்தார்கள். வெயில் கடைசியில் விலை போனது. ஆனால் தகடுகள் தாமாகவே மின்சாரம் எடுக்கும், துடைப்பதற்கும் காவலுக்கும் போக உள்ளூர்க்காரருக்கு அதில் பெரிய வேலை கிடையாது.

பக்கத்திலேயே செட்டிநாடு. அதே காய்ந்த பூமி, ஆனால் அரண்மனை போன்ற வீடுகள். அந்தப் பணம் அந்த மண்ணில் விளைந்ததல்ல. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்தது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. ஐராவதி டெல்டாவின் மழையில் விளைந்த நெல் காரைக்குடியில் தேக்குத் தூணாக நின்றது. போர் வந்ததும் அந்த வரவும் நின்றது.

காவிரி டெல்டாவில் ஏன் தொழில் வளரவில்லை?

இது என் ஊர்க் கேள்வி. இதற்கு அமைதியாகப் பதில் எழுதுவது எனக்குக் கஷ்டம்.

தண்ணீர் உறுதியாக வந்தவரை நிலமே நல்ல முதலீடாக இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. ஜூன் 12 அணை திறப்பு, குறுவை, அதன் பின் சம்பா, தாளடி என்று நெல் பருவங்களின் ஆண்டுக்கணக்கு ஒழுங்கானது. நிலம் இருந்தவருக்கு உட்கார்ந்த இடத்தில் நெல் வந்தது. அப்படிப்பட்டவர் ஏன் பட்டறை வைத்துக் கையைக் கரியாக்கிக்கொள்ளப் போகிறார்? மிராசுதார் குடும்பங்கள் பிள்ளைகளைக் கும்பகோணத்திலும் சென்னையிலும் படிக்க வைத்தன. பிள்ளைகள் வக்கீலாகவும் அதிகாரியாகவும் ஆகி வெளியே போனார்கள். நெல்லில் வந்த லாபமும் அவர்களோடு வெளியே போனது.

வயலில் இறங்கியவர்களுக்கு நிலம் இல்லை. கொங்கில் கிணற்றுக்காரர் குடும்பத்தோடு தோட்டத்தில் நின்றார். லாபத்தை அவரே ஜின்னிங் ஆலையிலோ நிட்டிங் மெஷினிலோ போட முடிந்தது. எங்கள் பக்கம் நட்டவரும் அறுத்தவரும் பண்ணையாள். கொங்கிலும் கூலியாட்கள் துன்பப்பட்டார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் சிறு உடைமைக்காரர் ஒரு படி மேலே ஏறுவதற்கு அங்கே ஏணி இருந்தது. இங்கே கூலியில் ஒரு படி நெல் கூடக் கேட்பதே போராட்டமாக இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அது நடந்த ஊர் தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர். செழிப்பான பூமி என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் குடிசை நினைவுக்கு வந்துவிடுகிறது.

தட்பவெப்பமும் தன் பங்குக்குச் செய்தது. தாழ்வான களிமண் பூமி, வடிகால் பிரச்சினை, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறியபோது எங்கள் தோப்பில் 40 தென்னையில் 6 நின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நிலைமை அதைவிட மோசம். தென்னை காய்க்க ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்குத்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள்.

இன்னொன்று: டெல்டாவின் தண்ணீர் டெல்டாவில் பெய்த மழை மட்டுமில்லை. குறுவைக்கான நீர் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவத்தில் பெய்ய வேண்டும். எங்கள் அப்பா ஜூன் மாதத்தில் மன்னார்குடி வானத்தைப் பார்க்க மாட்டார்; குடகில் மழை உண்டா என்று செய்தியில்தான் பார்ப்பார். 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் விட வேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. ஆற்றை நம்பிய உறுதி தேய்ந்தபோது மாற்றுத் தொழில் எதுவும் கையில் இல்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் ஆக்கியது. மண்ணைக் கெடுக்கும் தொழில்கள் வரக் கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அரிசி, தென்னை, மீன், நாணல் பாய் என்று அந்த மண்ணோடு ஒட்டிய தொழில்களையாவது வளர்த்திருக்க வேண்டும். நெல்லை மூட்டையாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

டெல்டாக்காரர்கள் சொகுசு பழகிவிட்டார்கள், வறண்ட பூமிக்காரர்கள்தான் உழைப்பாளிகள் என்கிறார்களே?

நடவு நாளில் முழங்கால் சேற்றில் காலை ஏழு மணி முதல் குனிந்தே நிற்கும் பெண்களை ஒரு நாள் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும். அதே குடும்பத்துப் பெண்தான் திருப்பூர் வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து பத்து மணி நேரம் தைக்கிறாள். மண் மாறியது, ஆள் மாறவில்லை.

மழையும் உண்டு, வசதியும் உண்டு என்று ஓர் ஊரும் இல்லையா?

கன்னியாகுமரி. இரண்டு பருவமழையும் தொடும் மாவட்டம். ரப்பர் விளையும். வருமானத்திலும் கல்வியிலும் முன்வரிசை. அங்கே பள்ளிக்கூடங்கள் மிக முன்பே பரவிவிட்டன. படித்தவர்கள் வெளியூர் போய் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். மழையைவிட அதற்கே அதிகப் பங்கு என்று நினைக்கிறேன்.

மாறாக வால்பாறை. மழையும் குளிரும் பச்சையும் நிறைந்த மலை. ஆனால் தேயிலை பறிப்பவர் நாள் கூலியில் லயன் வீட்டில் (எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பில்) இருக்கிறார், பிள்ளைகள் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள்.

உலகம் முழுக்கக் குளிர் நாடுகள்தானே பணக்கார நாடுகள்?

வரைபடத்தில் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். மலேரியா, கால்நடை நோய், சீக்கிரம் சத்திழக்கும் மண், வெயிலில் குறையும் வேலைத்திறன் என்று காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் உண்மை உண்டு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுச் சராசரி 13 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ள நாடுகளில் பொருளாதார உற்பத்தித்திறன் உச்சத்தில் இருப்பதாகக் கண்டது. சென்னையின் சராசரி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனால் வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் பெரிய தட்பவெப்ப வித்தியாசம் கிடையாது. வாழ்க்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லை. ஏசி இல்லையென்றால் சிங்கப்பூர் இல்லை என்ற பொருளில் லீ குவான் யூவே பேசியிருக்கிறார். ஆட்சிக்கு வந்ததும் அரசு அலுவலகங்களுக்கு ஏசி போட்டதைப் பெருமையாகச் சொன்னவர் அவர். 2024-இல் பொருளாதார நோபல் பெற்ற அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் சட்டம், உடைமை, ஆட்சி ஆகிய அமைப்புகளே வளத்தைத் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டவர்கள். 1500-ஐ ஒட்டிச் செழித்திருந்த பல பகுதிகள் காலனி ஆட்சிக்குப் பின் ஏழையாகவும், அன்று ஏழையாக இருந்தவை பணக்காரப் பகுதிகளாகவும் தலைகீழாக மாறியதை அவர்கள் காட்டினார்கள். மழையும் வெயிலும் அங்கேயேதான் இருந்தன. தஞ்சைக்கும் கோவைக்கும் நடந்த தலைகீழ் மாற்றத்தை நேரில் பார்த்த எனக்கு அந்த வாதம் பக்கத்து வீட்டுக் கதை போல இருக்கிறது.

திருப்பூர் வளர்ந்ததற்கு விலை ஏதும் இல்லையா?

உண்டு. நொய்யல்.

சாயம் போடத் தண்ணீர் ஏராளமாக வேண்டும்; திருப்பூரிலோ மழை குறைவு. முதலில் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள், பின் லாரியில் வாங்கினார்கள், அப்புறம் பவானி, காவிரி நீர் குழாயில் வந்தது. சாயக் கழிவு நொய்யலில் போனது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. அவர்கள் வழக்குப் போட்டுப் போராடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்தார்கள். செலவு பிடிக்கும் முறைதான், ஆனால் முடிந்திருக்கிறது. வளம் என்று நாம் எண்ணியதில் ஒரு பகுதி கரூர்ப் பக்கத்து விவசாயியின் கிணற்றிலிருந்து எடுத்தது என்பதைத் திருப்பூரில் சோறு தின்னும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி வெயில் கூடினால்?

இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு, ஆண்டு வெப்பம் 1 டிகிரி கூடினால் ஆலை உற்பத்தி ஏறக்குறைய 2 சதவீதம் குறைவதைக் கண்டது. தகரக் கூரைக்குக் கீழே அயர்ன் டேபிளில் நிற்பவருக்கு இதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வந்தால் மதியத்துக்கு மேல் பீஸ் எண்ணிக்கை குறைவதை நான் கணக்கு நோட்டிலேயே பார்க்கிறேன். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்தக் குறைவு நேராகச் சம்பளத்தில் விழுகிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் நிவாரணம் கிடைக்கும், நல்லது. உயிரோடு இருக்கும்போது கூரைக்குக் கீழே சூடு குறைய வழி செய்வதையும் சட்டமாக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: காற்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கும் காற்றில் மாநிலம் முழுக்க 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. நமக்கு மழை தராமல் தாண்டிப் போகும் அதே பருவக்காற்றுதான் அது. நூல் மில்கள் பலவும் சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன.

என் ஊரைப் பற்றி நானே தெரிந்துகொள்ள என்ன பார்க்க வேண்டும்?

ஆண்டு மழை எத்தனை மி.மீ. என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மழை நாட்கள் என்று பாருங்கள், 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் வானிலைத் துறை அதை மழை நாளாகக் கணக்கிடும். எந்த மாதங்களில் பெய்கிறது, கிணற்று நீர்மட்டம் எவ்வளவு என்றும் பாருங்கள். மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் இவை இருக்கும். அதே கையேட்டில் நில உடைமை அட்டவணையும் இருக்கும். எத்தனை பேரிடம் எத்தனை ஏக்கர் என்று. நான் முதல் முறை திருவாரூருக்கும் கோவைக்கும் இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்றைக்குத்தான் சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன்.